மந்திரி செத்த ஞாயிற்றுக்கிழமை

திருத்தணி
8-10-1978, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை ராஜகோபாலுக்கு,

சந்திராவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான நெஞ்செரிச்சல். மற்றபடி இங்கே குறைவில்லை. உங்கள் உடம்பு எப்படி, என் தங்கை உடம்பு எப்படி? போன கடிதத்தில் மனோரமாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, ஆட்டத்தில் உங்கள் ஒற்றன் அடுத்து என்ன செய்கிறான் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். டாக்டரிடம் காட்டினீர்களா?

இன்றைய ஆட்டம் பாழாகிவிட்டது. காரணம் நாகேந்திரன்.

ஜம்புலிங்கம் கடையின் பின்னறையில் மேஜைமேல் வரைபடம் விரித்தாகிவிட்டது. கருங்கோட்டை மதிலுக்கு வெளியே எதிரி வந்து நிற்கிறான். தளபதி துளசிங்கம் வாளை உருவிவிட்டார். வணிகர் ஜம்புலிங்கம் எதிரிக்கே அரிசி விற்கலாமா என்று யோசிக்கிறார். "மந்திரியார் என்ன யோசனை சொல்கிறார்?" என்று கேட்கிறேன். போன் அடிக்கிறது. மந்திரியார் நாகேந்திரன் எழுந்து போய்ப் பேசுகிறார்.

"ஆங், சொல்லு. ஆங். சாப்ட்டியா? இல்லப்பா, இங்க சும்மாதான் குந்திகினு கீறோம்."

சும்மா குந்திகினு கீறோம். இப்படி நான்கு முறை. நான்கு போனும் அவருக்குத்தான். கடை நம்பரை ஊருக்கெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறார். நான் கோபித்துக்கொண்டதும் சிரிக்கிறார்: "இன்னா வாத்தியாரே, எதிரி அங்கியேதான நிக்கிறான்? ஓடியா பூடப் போறான்?" ஜம்புலிங்கமும் சேர்ந்து சிரிக்கிறார்.

ரயில்வே ஸ்டிரைக்கின்போது நீங்கள் போலீசுக்குப் பயந்து என் வீட்டு உள்ளறையில் இருபது நாள் அடைந்து கிடந்தீர்களே, அப்போது பிறந்த ஆட்டம் இது. கிராஃப் தாளில் நான் ஒரு நாட்டை வரைந்தேன். கதையை நான் சொன்னேன். கதைக்குள் ஓர் ஆளாக நின்று என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். அது நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டை சொல்லிற்று. அந்த இருபது நாளும் நமக்கு அது விளையாட்டாகவே இல்லை. பிறகு வந்து சேர்ந்த நாகேந்திரனுக்கு அது எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் எனக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ், எம்.ஏ. அவருக்குப் பதினாலு, பி.ஏ. அவர் தலைமையாசிரியர். அங்கேயும் என்னைத் தாண்டிப் போய்த்தான் உட்கார்ந்தார்.

வராதவர்களுக்கு நாம் போட்ட சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. ஆடி மாதம் முழுக்கத் துளசிங்கம் வரவில்லை. தளபதி மலைக்குப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொண்டோம். மலைக்குப் போனவரைக் கத்தி தொடாது, காய்ச்சலும் தொடாது. வராதவருக்கு ஒரு வழி இருக்கிறது. வந்து உட்கார்ந்துகொண்டே வராமல் இருப்பவருக்கு என்ன வழி?

மனோரமாவைப் படியேறி இறங்க விடாதீர்கள்.

தங்கள்,
பஞ்சாட்சரம்


ஒலவக்கோடு
24-10-1978

அன்புள்ள பாவாவுக்கு ராஜகோபால் எழுதிக்கொண்டது.

உங்கள் நெஞ்செரிச்சலுக்கு வெறும் வயிற்றில் காபி குடிப்பதை நிறுத்தச் சொல்கிறாள் உங்கள் தங்கை. சந்திரா அக்காவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் நன்றாக இருக்கிறது. ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

மனோரமா விஷயத்தை ஒரு வரியில் எழுதியது தப்புத்தான். எழுதப் பயமாக இருந்தது. ரயில்வே டாக்டர் எங்களைப் பெரம்பூருக்கு அனுப்பினார். போய் எட்டு நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தோம். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறதாம். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாளே, அது விட்டுப்போன வேலை. ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள். செய்யாவிட்டால் இரண்டு வருஷம் என்றார்கள். அவளிடம் இரண்டு வருஷத்தைச் சொல்லவில்லை.

ஆறு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும். பி குரூப். எடுத்து வைத்த ரத்தம் ஆகாது, முதல் நாள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். என் குரூப் வேறு. உங்களுக்கு பி என்று பள்ளிக்கூட முகாமில் பார்த்துச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. என் ஸ்டிரைக் சிநேகிதர்கள் ஐந்து பேர் தயார். ஆறாவது நீங்கள்.

முறை வரும்போது முதல் நாள்தான் சொல்வார்களாம். ஞாயிறு, திங்கள் என்ற கணக்கெல்லாம் கிடையாது. சொன்ன அன்று மாலைக்குள் ரத்தம் கொடுப்பவர் பெரம்பூரில் இருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அந்த முறை அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது என்று சொல்ல மாட்டார்கள். உங்களுக்குச் சொல்ல ஜம்புலிங்கம் கடை போன் ஒன்றுதான் வழி. வாரநாளில் அவர் பள்ளிக்கூடத்துக்கு ஆளனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை நீங்களே அங்கே இருப்பீர்கள்.

என் ஒற்றன் எதிரி முகாமில் சமையல்காரனாகச் சேர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு யோசிக்க ஓடவில்லை.

இப்படிக்கு,
ராஜகோபால்


திருத்தணி
19-11-1978, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மனோரமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? படுத்தால் மூச்சு முட்டுகிறதா, உட்கார்ந்தால் சரியாகிறதா? சந்திரா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன்.

ரத்தத்துக்கு நான் இருக்கிறேன். என் தங்கைக்கு என் ரத்தம். இதைக் கேட்கவும் வேண்டுமா? சொன்ன மறுநிமிஷம் ரயிலில் இருப்பேன்.

இங்கே ஆட்டம் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறது. போனுக்கு எழுந்து போகிறவர் அந்த முறையை இழப்பார் என்று இரண்டு வாரம் முன் சட்டம் போட்டேன். நாகேந்திரன் அதையும் சிரித்துக்கொண்டே இழந்தார். "எம் முறைய நீயே வெச்சிக்க வாத்தியாரே, வீட்ல பிள்ளைங்களுக்குக் குடு" என்றார். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது தெரிந்த ஆள். வேண்டுமென்று சொல்லவில்லை என்றார் ஜம்புலிங்கம். வேண்டுமென்று சொல்லாதவர்கள்தான் அதிகம் சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே போன வாரத்திலிருந்து புதிய ஏற்பாடு. மூன்று மணிக்குக் கடை ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிடுகிறோம். ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்துவிடுகிறேன். ஆறு மணிக்குத்தான் திரும்ப வைப்பேன். பின்பக்கத்து விசைத்தறி ஷெட் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுவதால் அந்தச் சத்தம் மட்டும் உண்டு. அது பழகிவிட்டது. மூன்று மணிக்குமேல் வருகிறவருக்குக் கதவு கிடையாது. இன்று இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டார் தலைமையாசிரியர்.

உங்கள் ஒற்றன் சமைத்த குழம்பில் உப்பு அதிகம். எதிரித் தளபதிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. என்ன செய்கிறான், எழுதுங்கள்.

தங்கள்,
பஞ்சாட்சரம்


ஒலவக்கோடு
2-12-1978

அன்புள்ள பாவாவுக்கு,

இங்கே நான் நலம். அவளைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. நான்கு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறாள். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்கிறவர் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமாம்.

பாவா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த ரிசீவரை எடுத்து வைக்காதீர்கள். ஆபரேஷன் முடிகிறவரையில் மட்டுமாவது. நாளும் கிழமையும் கிடையாது என்று எழுதியிருந்தேன். நாகேந்திரன் சாருக்கு நாலு போன் வந்தால் வரட்டும். ஐந்தாவது நமக்காக இருக்கலாம்.

ஒற்றனை இப்போதைக்கு மலைக்கு அனுப்பிவிடுங்கள்.

ராஜகோபால்

அண்ணா, நான் மனோரமா. இவர் ரொம்பப் பயப்படுகிறார். நான் பயப்படவில்லை. நீ வருவாய் என்று தெரியும். ஊசி குத்தும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள். உனக்கு ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது.


திருத்தணி
14-1-1979, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீட்டில் பொங்கல் வைத்தோம். சந்திரா உங்கள் இருவரையும் சொல்லிக்கொண்டே பரிமாறினாள். மனோரமா சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாளா? உப்புதானே கூடாது, இனிப்பு ஆகும் அல்லவா?

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. அரைப்பரீட்சை, விடைத்தாள். வேறு காரணமில்லை.

நீங்கள் சொன்னபடி ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாயிற்று. விளைவையும் கேளுங்கள். போன ஞாயிறு ஏழு முறை அடித்தது. ஏழும் நாகேந்திரனுக்கு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். ஒவ்வொரு முறையும் போன் அடித்ததும், மனோரமாவுக்கோ என்று நானே எழுந்து ஓடுகிறேன். எடுத்துப் பார்த்தால் "எச்.எம். சார் கீறாரா?" என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை யார் போன் செய்யப் போகிறார்கள்? ஆபீஸ் மூடியிருக்காதா? இருந்தாலும் நீங்கள் சொன்னதால் வைத்திருக்கிறேன்.

இருமல் இல்லை. கவலை வேண்டாம்.

பஞ்சாட்சரம்


திருத்தணி
11-2-1979, ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அங்கே சுகந்தானே? நான் இப்போதுதான் கடையிலிருந்து வந்தேன். சந்திரா கோயிலுக்குப் போயிருக்கிறாள். கையோடு எழுதி ஏழு மணித் தபாலில் போட்டுவிடலாமென்று உட்கார்ந்தேன்.

மூன்று மணி நேரம் முழுசாக ஆடினோம். ஸ்டிரைக் நாட்களுக்குப் பிறகு இன்றுதான் ஆட்டம் ஆட்டமாக இருந்தது. இன்று ஒரு நாள் மட்டும் ரிசீவரை எடுத்து வைத்தேன். நாகேந்திரன் வரவில்லை. பெண்ணைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாராம், ஜம்புலிங்கத்திடம். என்னிடம் சொல்லவில்லை.

மூன்றே முக்காலுக்கு யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். நாகேந்திரனாகத்தான் இருக்கும்.

"யாரோ தட்றாங்கபா" என்று துளசிங்கம் எழுந்தார்.

"உக்காருங்க. லேட்டா வந்தவரு வெளிய நிக்கட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரம் தட்டினார்கள். நின்றுவிட்டது.

பிறகு மந்திரியைக் கொன்றேன். எதிரிக்கு ரகசியமாக ஓலை அனுப்பினார் என்று கதையில் வைத்தேன். அரசன் ஆணையிட்டான். கொலையாளி மந்திரியின் படுக்கையறைக்கு வந்துவிட்டான். ஜம்புலிங்கம் குறுக்கே பேசினார்.

"அவரு மலைக்குப் போய்கீறாரு வாத்தியாரே. மலைக்குப் போனவர எப்டி வெட்டுவ? நீ போட்ட சட்டந்தான?"

"நான் போட்ட சட்டத்த நான் எடுக்கக் கூடாதா?"

"எடுத்துக்க. அப்ப நாளைக்கு நான் வரலன்னா என்னியும் வெட்டுவ."

"வந்தா வெட்ட மாட்டேன்."

தாயக்கட்டையை உருட்டினேன். முதல் உருட்டலிலேயே தாயம் விழுந்தது. மந்திரி செத்தார். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. துக்கமும் இல்லை.

மனோரமா எப்படி இருக்கிறாள்? உடனே எழுதுங்கள்.

பஞ்சாட்சரம்


பெரம்பூர்
15-2-1979

அன்புள்ள பாவாவுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், ஒன்றரைக்கு வெளியே வந்தார்கள். நேற்று மாலைதான் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பிழைத்துவிட்டாள் பாவா. இனி பயமில்லை என்கிறார்கள்.

பத்து நாளாக இங்கே படுக்கையில் வைத்திருந்தார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவருக்கு ஞாயிறு மதியம் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டரை மணிக்கு வந்து, நாளைக்கு உங்களுக்கு, ஆறு பேரும் இருக்கிறார்களா என்றார்கள். ஐந்து பேரை அரைமணியில் பிடித்துவிட்டேன். கடைக்கு ட்ரங்க் கால் போட்டேன். மூன்று மணியிலிருந்து எங்கேஜ்டு. ஆபரேட்டர் பெண் பாவம், பத்து தடவைக்குமேல் முயற்சி செய்தது. "லைன்ல யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க சார்" என்றது. பெரம்பூர் ஸ்டேஷனுக்கு ஓடி, ரயில்வே போனில் திருத்தணி ஸ்டேஷனுக்குச் சொன்னேன். அவர்கள் போர்ட்டர் தேசப்பனைக் கடைக்கு அனுப்பினார்கள். ஷட்டர் இறக்கியிருக்கிறது, யாரும் திறக்கவில்லை என்று அவன் திரும்பி வந்தானாம்.

நாகேந்திரன் சார் அப்போது பிளாட்பாரத்தில் இருந்திருக்கிறார். பெரம்பூர், பி குரூப் ரத்தம் என்று தேசப்பன் சொல்வதைக் கேட்டிருக்கிறார். நாலு பத்துக்கு ரயில். மகளை ஏற்றிவிட வந்தவர் மகளோடு தானும் ஏறிவிட்டார். ஏழு மணிக்கு வார்டு வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஒரு பை கூட இல்லை.

"இன்னா ராஜகோபாலு, எனக்கும் பி குரூப்புதான். உங்க மச்சான் வந்துகினே இருப்பாரு. அவரு வர்ற வரைக்கும் நான் ஒரு புட்டி குடுத்துகினு இருக்கிறேன்" என்றார்.

அவரைக் கொண்டு ஆறு பேர் ஆயிற்று. மறுநாள் சாயங்காலம் வரையில் வராந்தாவிலேயே இருந்துவிட்டுத்தான் போனார்.

சந்திரா அக்கா செவ்வாய்க்கிழமை வந்து இரண்டு நாள் இருந்தார்கள். நீங்கள் பின்னால் வருகிறீர்கள் என்றார்கள். எந்த ரயில் என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

ராஜகோபால்


பெரம்பூர்
3-3-1979

பாவாவுக்கு,

மனோரமா நாலடி நடக்கிறாள். நாளை மறுநாள் ஒலவக்கோடு போகிறோம்.

பிப்ரவரி 11ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் ஒலவக்கோடு போய்த் திரும்பி இங்கே வந்து சேர்ந்தது. படித்தேன். அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

ஆட்டத்திலிருந்து என்னை எடுத்துவிடுங்கள்.

ராஜகோபால்


திருத்தணி
8-4-1979, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மனோரமா நன்றாக நடக்கிறாள் என்று சந்திரா மூலம் தெரிந்துகொண்டேன். கஞ்சி மட்டும்தானா, சோறு ஆரம்பித்துவிட்டாளா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. எனக்குப் போன மாதம் இருமல் இருந்தது, அதனால் பயணம் செய்ய முடியவில்லை. பிறகு பரீட்சை வேலை. ஒன்று முடிந்தால் ஒன்று.

பள்ளிக்கூடத்தில் நாகேந்திரனைத் தினமும் பார்க்கிறேன். கையெழுத்துப் போட அவர் அறைக்குத்தான் போக வேண்டும். எப்போதும் போல்தான் பேசுகிறார். "தங்கச்சிக்கு எப்டி கீதாம் வாத்தியாரே?" என்று கேட்கிறார். என்னைவிட அவருக்குத்தான் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "நல்லா கீதாம்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஏன் கதவைத் திறக்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் சண்டை போடலாம்.

ஆட்டம் நடப்பதில்லை. துளசிங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை வந்துவிட்டதாம். ஜம்புலிங்கம் அந்த மேஜைமேல் லுங்கிக் கட்டுகளை அடுக்கிவிட்டார். வரைபடத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

மே மாதம் மனோரமாவை இங்கே அழைத்து வாருங்கள். ஆபரேஷன் ஆன பெண் பிறந்த வீட்டுக்கு வந்து நாலு நாள் இருப்பதுதான் முறை. அம்மா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். உள்ளறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். புது மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறேன். தேதியை எழுதுங்கள்.

பஞ்சாட்சரம்


ஒலவக்கோடு
20-6-1979

பாவாவுக்கு,

எல்லோரும் சௌகரியம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத விஷயம் இல்லாமல் இருந்தது.

மனோரமா திருத்தணி மலைக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வந்து, ஞாயிற்றுக்கிழமை அபிஷேகம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் திரும்பினோம். நாகேந்திரன் சார் வீட்டில் தங்கினோம். அவர் எழுதிக் கூப்பிட்டிருந்தார். நான் யோசித்தேன். அவள்தான் போகலாம் என்றாள்.

அந்த வீட்டு அம்மா அன்னம்மாள் அவளைப் படியேற விடாமல் பஸ்ஸில் மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது சேலை, மஞ்சள் குங்குமம், தேங்காய் வைத்து மடி நிரப்பி அனுப்பினார்கள். பிறந்த வீட்டில் செய்வதை எல்லாம் செய்தார்கள். நாகேந்திரன் சார் ஒரு ஓரமாக நின்றுகொண்டு, "இன்னாம்மா, ஒடம்புல என் ரத்தம் ஓடுது, இனிமே கணக்கு நல்லா வரும் பாரு" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷா உங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. உங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ரேடியோ சத்தம் கேட்டது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இதை மற்றவர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ராஜகோபால்


திருத்தணி
8-7-1979, ஞாயிறு

மனோரமாவுக்கு அண்ணன் எழுதுவது.

உடம்பு தேறிவிட்டதா? தையல் போட்ட இடத்தில் வலி இருக்கிறதா? இதுவரை எல்லாக் கடிதத்தையும் உன் வீட்டுக்காரருக்கே எழுதி, உன்னைப் பற்றி அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். இதை உனக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 11ஆம் தேதி நான் உன் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தில், ஷட்டரைத் தட்டியது நாகேந்திரனாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். தட்டியது தேசப்பன். குரல் எனக்குக் கேட்டது.

"வாத்தியாரே, டேசன்லேர்ந்து வர்றேன். பெரம்பூர்லேர்ந்து சேதி. கதவத் தெற வாத்தியாரே."

நான் ஷட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மற்ற இருவருக்கும் தறிச் சத்தத்தில் தட்டல் மட்டும்தான் கேட்டது. பெரம்பூர் என்ற சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உன் விஷயம் என்று தெரிந்தது.

அப்போது மந்திரியின் கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி இருந்தது. ஜம்புலிங்கம் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்தால் ஆட்டம் கலைந்துவிடும். அடுத்த வாரம் நாகேந்திரன் வந்து உட்கார்ந்துவிடுவார். என் எதிரே வந்து உட்கார்ந்தவரைக் கொல்ல என்னால் முடியாது. ஒரே ஒரு முறை உருட்டிவிட்டுப் போய்த் திறக்கலாம் என்று நினைத்தேன்.

தாயம் விழவில்லை. மறுபடி உருட்டினேன். விழவில்லை. முதல் உருட்டலில் விழுந்தது, தட்டல் நின்ற பிறகுதான் மந்திரியைத் தொட்டேன் என்றெல்லாம் எழுதியதும் பொய். "போதும் வுடு வாத்தியாரே" என்றார் ஜம்புலிங்கம். ஐந்தாவது முறை விழுந்தது. எழுந்து போய் ஷட்டரைத் தூக்கினேன். தெருவில் யாரும் இல்லை. எதிர்க்கடைக் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தைந்து. ஓடியிருந்தால் ஸ்டேஷன் பத்து நிமிஷம். ரயில் நாலு பத்துக்கு.

ஏன் ஓடவில்லை என்று இந்த ஐந்து மாதமாக யோசிக்கிறேன். ஓடினால், தேசப்பன் தட்டியபோதே கேட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து ஆறு மணிவரை கதை சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து, மனோரமா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

திங்கட்கிழமை வந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை உன் அண்ணியோடு வந்திருக்கலாம். நாகேந்திரன் வராந்தாவில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போன பிறகும் வரவில்லை.

மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நாகேந்திரன்மேல் எனக்கு இப்போதும் பிரியம் வரவில்லை. அதையும் மறைக்க வேண்டாமென்று எழுதுகிறேன்.

நீங்கள் எங்கள் தெரு வழியாகப் போன அன்று காலை நான் வீட்டில்தான் இருந்தேன். சவரம் செய்துகொண்டிருந்தேன்.

அண்ணன்,
பஞ்சாட்சரம்


ஒலவக்கோடு
2-9-1979

அண்ணாவுக்கு மனோரமா வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். தையல் போட்ட இடம் மழைக்கு மட்டும் அரிக்கிறது. இரண்டு குடம் தண்ணீர் தூக்குகிறேன், இவர் இல்லாத நேரத்தில். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் வந்து சேர்ந்ததா?

உன் கடிதம் வந்தது. படித்தேன். இவரிடம் காட்டவில்லை. பதில் எழுத இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பின்பக்கத்தில் ரத்தம் கொடுத்த ஆறு பேர் பெயர் எழுதியிருக்கிறது. ஆறாவதாக உன் பெயரை முன்னாலேயே எழுதி வைத்திருந்திருக்கிறார்கள். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே நாகேந்திரன் என்று எழுதியிருக்கிறார்கள். அடித்த பெயரும் படிக்க வருகிறது. போன வாரம் போயிருந்தபோது நர்ஸ் பார்த்துவிட்டு, அசிங்கமாக இருக்கிறதே, வேறு அட்டை எழுதித் தரட்டுமா என்று கேட்டாள்.

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மனோரமா